செவ்வாயின் முகமும் படத்தின் உரிமையும்

1976 ஜூலை 25 அன்று வைக்கிங் 1 சுற்றுக்கலம் செவ்வாயின் சைடோனியா பகுதியைச் சுமார் 1,870 கிலோமீட்டர் தொலைவிலிருந்து படம் எடுத்தது. வைக்கிங் 2 தரையிறங்கத் தோதான இடம் தேடி எடுத்த படங்களுள் அது ஒன்று, எண் 035ஏ72. கண், மூக்கு, வாயோடு ஒரு முகம் அதில் வானைப் பார்த்துக் கிடந்தது. ஆறு நாள் கழித்து நாசாவே அதை வெளியிட்டது. நிழலால் உண்டான மயக்கம் என்று படக்குறிப்பும் சொன்னது.

அந்த மயக்கத்துக்கு மூன்று காரணங்கள். கதிரவன் அடிவானிலிருந்து சுமார் 20 பாகைதான் உயர்ந்திருந்ததால் மேட்டின் ஒரு பாதி இருளில் கிடந்தது. ஒரு படப்புள்ளி 40 மீட்டருக்கும் மேற்பட்ட தரையை அடக்கியது. வழியில் தொலைந்த தரவுகள் கரும்புள்ளிகளாகப் பதிந்தன. அவற்றுள் ஒன்று சரியாக மூக்குத்துளை இருக்க வேண்டிய இடத்தில் விழுந்தது. மீதியை முகம் தேடும் மனித மூளை நிரப்பிக்கொண்டது.

அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 105ஆம் பிரிவின்படி, கூட்டரசின் படைப்புகளுக்கு அந்நாட்டில் பதிப்புரிமை இல்லை. அதனால்தான் வின்சென்ட் டிபியேட்ரோ, கிரிகரி மொலினார் என்ற கணினிப் பொறியாளர்கள் வைக்கிங் தரவை எடுத்துத் தாங்களே மெருகேற்றி வெளியிட முடிந்தது. அந்த முகத்தைப் பற்றி ரிச்சர்ட் ஹோக்லண்ட் என்பவர் 1987இல் தனி நூலே எழுதினார். எவரும் உரிமத்தொகை கட்டவில்லை. நாசாவின் சின்னத்தைப் போட்டு அதன் ஒப்புதல் இருப்பதாகக் காட்டக்கூடாது, அவ்வளவே.

இந்தத் தாராளம்தான், அந்த முகம் யாரோ செதுக்கியது என்ற வதந்தியை வளர்த்தது என்று வாதிடலாம். வரலாறு வேறு கதை சொல்கிறது.

1992இல் ஏவப்பட்ட மார்ஸ் அப்சர்வரின் படங்களை முதலில் ஆராயும் உரிமை, சில மாதங்களுக்குக் கேமராக் குழுவுக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. எதையோ மறைக்கப் பார்க்கிறார்கள் என்ற பேச்சுக்கு அது வசதியாயிற்று. 1993 ஆகஸ்டில் கலம் தொடர்பிழந்ததும் சந்தேகம் இரட்டித்தது. பின்னர் வந்த மார்ஸ் குளோபல் சர்வேயர் கலத்தின் காலத்தில் நாசா வழியை மாற்றியது. 1998 ஏப்ரல் 5 அன்று எடுத்த படம், புள்ளிக்கு 4.3 மீட்டர் நுணுக்கத்தில், வந்த கையோடு இணையத்தில் ஏறியது. முகம் இருந்த இடத்தில் அரித்துப்போன ஒரு மேடுதான் தெரிந்தது. மேகம் மறைத்துவிட்டது என்றனர் சிலர். 2001 ஏப்ரல் 8இல் எடுத்த, இன்னும் நுணுக்கமான படம் அதற்கும் இடம் வைக்கவில்லை.

உரிமை பொதுவில் இருந்ததால் முகம் பரவியது உண்மை. ஆனால் அதைக் கலைத்ததும் அதே பொதுவுடைமைதான். ஆகவே பூட்டிவைப்பதில் பயனில்லை. மூலத்தரவையும் கதிரவனின் கோணம், நுணுக்கம் ஆகிய விவரங்களையும் படத்தோடு சேர்த்தே விண்வெளி நிறுவனங்கள் வெளியிட வேண்டும். மெருகேற்றுபவர் தம் பெயரையும் தாம் செய்த மாற்றத்தையும் படத்தின் அடியிலேயே எழுத வேண்டும்.