ஒரே கணினியில் பல பதிப்புகள்: பொதி மேலாளர்களின் வரலாறு

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வரும் ஒவ்வொரு சரக்குப் பெட்டகத்துக்கும் ஓர் எண் உண்டு. எந்தக் கப்பலில் வந்தது, யார்டில் எங்கே இறக்கப்பட்டது என்பதெல்லாம் பதிவாகிவிடும். கணினியில் மென்பொருள் நிறுவும்போது இந்தப் பதிவு வேலையைச் செய்வதுதான் பொதி மேலாளர் (பேக்கேஜ் மேனேஜர்). அதன் வரலாற்றை இங்கே சுருக்கமாகப் பார்ப்போம்.

பதிவில்லாத காலம்

தொடக்கத்தில் யூனிக்ஸ் கணினிகளில் மூல நிரலை நாமே கம்பைல் செய்து, 'மேக் இன்ஸ்டால்' என்று கட்டளை கொடுக்க வேண்டும். கோப்புகள் பெரும்பாலும் 'யூஎஸ்ஆர் லோக்கல்' அடைவுக்குள் போய் அமரும். எந்தக் கோப்பு எந்த மென்பொருளுடையது என்று கணக்கு இருக்காது. புதிய பதிப்பு பழையதன் மேலேயே எழுதிவிடும்.

கணக்கேடு வந்தது

1993இல் இயன் மர்டாக் டெபியனைத் தொடங்கினார். அதன் 'டிபிகேஜி' ஒவ்வொரு கோப்பும் எந்தப் பொதியைச் சேர்ந்தது என்று குறித்து வைத்தது. 1995இல் ரெட் ஹாட் 'ஆர்பிஎம்' கருவியைக் கொண்டுவந்தது. ஒரு பொதிக்குத் தேவையான மற்ற பொதிகளையும் தானே தேடி எடுத்துவரும் 'ஆப்ட்', 1999இல் வந்த டெபியன் 2.1இல் இடம்பெற்றது.

தமிழ்நாட்டில்

சென்னை சி-டாக் 2007இல் வெளியிட்ட 'பாஸ் லினக்ஸ்' டெபியனை அடிப்படையாகக் கொண்டது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அதுவும் இடம்பெற்றது. டெபியனின் கணக்கேடு இப்படித்தான் நம் ஊர் மாணவர்களின் கைக்கு வந்து சேர்ந்தது.

நான் செய்த தவறு

கணக்கேடு இருந்தால் மட்டும் போதாது, படிக்கவும் வேண்டும். கல்லூரியில் படிக்கும்போது என் லினக்ஸ் கணினியில் புதிய பைத்தானை நிறுவினேன். "இனிப் பழசு எதற்கு?" என்று அதை நீக்கச் சொன்னேன். கூடவே நீங்கப்போகும் பொதிகளின் நீண்ட பட்டியலை ஆப்ட் காட்டியது. படிக்காமலே 'ஒய்' தட்டினேன். மறுபடி கணினியைத் திறந்தபோது டெஸ்க்டாப்பே வரவில்லை! இயங்குதளத்தின் பல கருவிகள் அந்தப் பழைய பைத்தானை நம்பி இருந்திருக்கின்றன. புராஜெக்ட் ஒப்படைக்க மூன்றே நாள்தான் இருந்தது. நண்பனின் சிடியை வைத்து எல்லாவற்றையும் மீண்டும் நிறுவினேன். என் நிரல்கள் பென் டிரைவில் இருந்ததால் தப்பித்தேன்.

தனித்தனி அறைகள்

இந்தச் சிக்கலுக்குத் தீர்வு, பதிப்புகளைத் தனித்தனியாக வைப்பதே. 2003இல் ஈல்கோ டால்ஸ்ட்ரா தொடங்கிய 'நிக்ஸ்', ஒவ்வொரு பதிப்பையும் தனிப் பெயருள்ள அடைவில் வைக்கிறது. அதனால் ஒன்று மற்றொன்றை அழிக்காது. பைத்தானுக்கு 2007இல் 'விர்ச்சுவல்என்வ்' வந்தது. ஒவ்வொரு புராஜெக்ட்டுக்கும் அதற்கு வேண்டிய நூலகங்களைத் தனியே வைத்துக்கொள்ளலாம். 2012இல் பைத்தான் 3.3உடன் 'வென்வ்' சேர்ந்தே வந்தது. 2023இல் வெளியான டெபியன் 12, கணினியின் சொந்தப் பைத்தானுக்குள் 'பிப்' மூலம் நூலகங்களை நிறுவ முயன்றால் தடுத்துவிடுகிறது. என்னைப் போல் கை வைத்துக் கெடுத்தவர்கள் உலகெங்கும் இருந்திருப்பார்கள் போலும்!

எனவே நண்பர்களே, கணினியோடு வந்த பதிப்பைத் தொடாதீர்கள். பைத்தானை மூல நிரலிலிருந்து நிறுவினால் 'மேக் ஆல்ட்இன்ஸ்டால்' கொடுங்கள். ஏற்கெனவே உள்ள 'பைத்தான்3' என்ற பெயரை அது மாற்றாது. முக்கியமாக, 'ஒய்' தட்டும் முன் பட்டியலை ஒருமுறை படித்துவிடுங்கள்.