பாதமும் துண்டுபட்ட உறக்கமும்: ஒக்கலிபுரத்தை முன்வைத்து

குதிகால் வலியோடு வருகிறவரிடம் மாத்திரை, செருப்பு, பயிற்சி எல்லாம் சொல்லி முடித்த பிறகு, அவர் எழுந்து போகும் நேரத்தில்தான் "நன்றாகத் தூங்குங்கள்" என்ற வார்த்தை வருகிறது. அதற்கு உரிய இடம் அதுவன்று என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. பாதம் தேறுவதற்கும் வலி தணிவதற்கும் உறக்கம் இன்றியமையாதது. அதில் மணிக்கணக்கைவிடத் தொடர்ச்சியே முதன்மை. அந்தத் தொடர்ச்சியோ தனிமனித ஒழுங்கால் மட்டும் கிடைப்பதன்று. வீடும் வேலைநேரமும் சேர்ந்து அதைத் தருகின்றன அல்லது பறிக்கின்றன.

பெங்களூரு நகர ரயில் நிலையத்தை ஒட்டியிருக்கும் ஒக்கலிபுரத்தைக் களமாக எடுத்துக்கொள்கிறேன். சென்னைக்கும் தும்கூருக்கும் போகும் இருப்புப்பாதைகள் இப்பகுதியைக் கடந்து செல்கின்றன. இதைச் சுற்றி ஒரு காலத்தில் பின்னி, மினர்வா, ராஜா மில் ஆகிய ஆலைகள் இயங்கின. தறிக்கு முன்னால் நின்று உழைத்தவர்களில் தமிழர்கள் கணிசமானவர்கள். ராஜா மில் இருந்த நிலத்தில் இன்று நிற்பது ஒரு பெருவணிக வளாகம். ஆலை போனாலும் நிற்கும் வேலை போகவில்லை: துணிக்கடை விற்பனை, வாயிற்காவல், ஆயத்த ஆடைத் தொழில், துப்புரவு என்று அது உருமாறியிருக்கிறது.

அசையாமல் நிற்கும்போது கணுக்காலருகே சிரைகளில் அழுத்தம் 80 முதல் 90 மில்லிமீட்டர் பாதரசம் வரை ஏறுகிறது. நடப்பவருக்குக் கெண்டைக்கால் தசை இரத்தத்தை மேலே தள்ளி அந்த அழுத்தத்தைக் குறைக்கிறது. ஒரே இடத்தில் நிற்பவருக்கு அந்த உதவி இல்லை. படுத்ததும் அழுத்தம் வெகுவாக இறங்கி, வீக்கம் வடியத் தொடங்குகிறது. இதற்குப் படுக்கை மட்டுமே போதும். அதற்கு மேலான சீரமைப்புக்கு உறக்கமே வேண்டும். வளர்ச்சி ஹார்மோனின் பெரும் சுரப்பு, உறங்கத் தொடங்கிய பின் வரும் முதல் ஆழ்உறக்கத்தோடு இணைந்தது என்பது 1968இலேயே காட்டப்பட்டது. 2018இல் வெளியான ஓர் ஆய்வில், இரவுக்கு இரண்டு மணி நேரம் மட்டும் தூங்கவிடப்பட்டவர்களின் சிறு தோல்காயம் மூடச் சராசரியாக 5 நாள் ஆயிற்று. போதிய அளவு தூங்கியவர்களுக்கு 4.2 நாள்.

வலியின் கதை இன்னும் நுட்பமானது. 1975இல் ஹார்வி மோல்டோஃப்ஸ்கியும் அவருடைய குழுவினரும் ஆரோக்கியமானவர்களின் ஆழ்உறக்கத்தை மட்டும் ஒலியெழுப்பிக் கலைத்தார்கள். காலையில் அவர்கள் தசை வலியோடும் தொட்டால் நோகும் உடலோடும் எழுந்தார்கள். 2007இல் மைக்கேல் ஸ்மித் குழுவினர் செய்த ஆய்வை இந்த வாதத்தின் அச்சாகவே கருதுகிறேன். ஆரோக்கியமான பெண்களில் ஒரு குழுவை இரவில் அடிக்கடி எழுப்பினார்கள். இன்னொரு குழுவைத் தாமதமாகப் படுக்கவைத்து, அதே அளவு நேரம் இடைவிடாமல் தூங்கவிட்டார்கள். மொத்தத் தூக்கம் இரு குழுவுக்கும் ஏறக்குறைய ஒன்றே. எழுப்பப்பட்டவர்களுக்கு மட்டும், வலியை உள்ளிருந்தே அடக்கும் நரம்பு ஆற்றல் தளர்ந்தது. காரணமின்றி வலியும் தோன்றியது.

வலிதான் உறக்கத்தைக் கெடுக்கிறது, நீங்கள் காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றுகிறீர்கள் என்று மறுக்கலாம். இரண்டு திசையிலும் பாதிப்பு உண்டு என்பது சரியே. ஆனால் நீண்டகால ஆய்வுகளைத் தொகுத்த 2013ஆம் ஆண்டின் மதிப்பாய்வு, வலி உறக்கத்தை முன்னறிவிப்பதைவிட, உறக்கம் வலியை முன்னறிவிப்பது வலுவானது என்றே கண்டது.

இதே சிக்கலை வேறொரு பக்கத்திலிருந்து காட்டியது சென்னை. 2021இல் வெளியான ஆய்வொன்று, குறைந்த வருவாயுள்ள 452 பேரின் உறக்கத்தை மணிக்கட்டுக் கருவியால் அளந்தது. எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தும் அவர்கள் தூங்கியது ஐந்தரை மணி அளவே, இரவெல்லாம் விழிப்புகள். அறிவுரையும் சாதனங்களும் ஊக்கத்தொகையும் சேர்ந்து தூக்கத்தை 27 நிமிடம் கூட்டின. எனினும் கூடியது பெரும்பாலும் படுக்கையில் கிடக்கும் நேரத்தை நீட்டியதால்தான். உற்பத்தித்திறனிலும் நலனிலும் எதிர்பார்த்த பயன் தெரியவில்லை. பணியிடத்தில் அமைதியான அறையில் அரைமணி நேரம் பகலில் தூங்கியவர்களுக்கோ இரண்டும் உயர்ந்தன. பாதத்தைக் குறித்த ஆய்வன்று அது. ஆனால் "சீக்கிரம் படுங்கள்" என்ற அறிவுரையின் எல்லையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று நம் மண்ணில் வேறில்லை.

உறக்கத்தை எல்லாவற்றுக்கும் மருந்தாக்குவதும் ஆபத்து. உள்ளங்கால் திசுப்பட்டை அழற்சி உள்ளவருக்கு, இரவெல்லாம் பாதம் கீழ்நோக்கி மடிந்து கிடப்பதால் விடிந்ததும் வைக்கும் முதல் அடியிலேயே உயிர் போகும் வலி எழும். அவருக்கு இரவுநேரப் பாதத்தாங்கி உதவக்கூடும். காலைக் கட்டிலிலிருந்து தொங்கவிட்டால்தான் வலி குறைகிறது என்பவருக்குத் தமனி அடைப்பு இருக்கக்கூடும். அவரைக் காலை உயர்த்தி வைத்துத் தூங்கச் சொல்வது கேடு. இரத்தநாள மருத்துவரிடம் உடனே அனுப்ப வேண்டும். நீரிழிவால் உணர்விழந்த பாதத்தில் வலியின்மையே பெரும் எச்சரிக்கை. வேலூரில் இவ்வாறே உணர்விழந்த தொழுநோயாளிகளின் பாதங்களை ஆராய்ந்த பால் பிராண்ட் கற்றுத்தந்த பாடம் இது: புண்ணுக்குக் காரணம் உணர்வில்லாத கால்மேல் மீண்டும் மீண்டும் விழும் அழுத்தம், அதற்கு மருந்து அந்தச் சுமையை நீக்குவது.

நிற்பவரின் பாதத்தையும் உறக்கத்தையும் சட்டம் முற்றிலும் மறந்துவிடவில்லை. நின்று வேலை செய்வோருக்கு இருக்கை வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44ஆம் பிரிவு. கடை ஊழியர்களுக்கு அதே உரிமையைத் தமிழ்நாடு 2021இல் சட்டமாக்கியது. உறக்கம் வாழ்வுரிமையின் பகுதி என்று 2012இல் உச்ச நீதிமன்றம் ராம்லீலா மைதான வழக்கில் சொன்னது. இதற்கு எதிர்த்திசையில், 2023இல் கர்நாடகம் தொழிற்சாலைகளில் நாளுக்கு 12 மணி நேர வேலைக்கு வழிதிறந்தது. தமிழ்நாடு அதே ஆண்டில் கொண்டுவந்த ஒத்த திருத்தத்தை, எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெற்றது. பன்னிரண்டு மணி நின்றுவிட்டு வரும் பெண்ணுக்கு வீட்டு வேலையும் காத்திருக்கிறது: 2019ஆம் ஆண்டு தேசிய நேரப்பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 299 நிமிடம், ஆண் செலவிடுவது 97 நிமிடம். இந்தக் கணக்கில் தொடர்ந்த உறக்கத்துக்கு எஞ்சுவது எவ்வளவு?

எனவே மருத்துவமனைகளில் கேள்வி மாற வேண்டும். "எத்தனை மணி தூங்கினீர்கள்?" என்பதோடு, எத்தனை முறை விழித்தீர்கள், எதனால் விழித்தீர்கள் என்று கேட்டுக் குறிப்பேட்டில் பதிய வேண்டும். ரயில் சத்தம், கொசு, அதிகாலையில் வரும் தண்ணீர், கால் எரிச்சல் ஆகிய நான்குக்கும் தீர்வு தரவேண்டியவர்கள் வேறு வேறு. குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல் என்று 2000ஆம் ஆண்டு ஒலிமாசு விதிகள் வகுத்த வரம்பு மீறப்படுகிறதா என்று, ஒக்கலிபுரத்தில் தண்டவாளத்தை ஒட்டிய தெருக்களில் அளந்து வெளியிடுவது மாநகர நிர்வாகத்தின் பொறுப்பு. நாற்காலியும், மதிய உணவுக்குப் பின் அரைமணி நேரம் காலை நீட்டிப் படுக்க ஓர் அறையும் தருவது முதலாளியின் பொறுப்பு. பெருவணிக வளாகங்களில் அதற்கான இடத்தை இன்றே ஒதுக்கிவிடலாம்.