சீனத்து மஞ்சள் சூப்பும் கல்பாக்கத்துச் சேறும்

சென்ற வாரம் பென்சிலினின் வெற்றி உலாவோடு நிறுத்தியிருந்தோம். அந்த உலாவுக்கான செலவுக் கணக்கு இந்த வாரம்.

1950களில் அமெரிக்க மருத்துவமனைகளில் ஒரு விநோதம். அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்த நோயாளிகள், நாலு நாள் கழித்து வயிற்றுப்போக்கில் துவண்டுபோனார்கள். ஆன்டிபயாட்டிக் மருந்து குடலில் வேண்டிய பாக்டீரியாக்களையும் சேர்த்து அழித்துவிட, காலியான இடத்தில் வேண்டாதது வந்து உட்கார்ந்துகொண்டது. டென்வரில் பென் ஐஸ்மன் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணரும் அவரது சகாக்களும், நலமாக இருப்பவர்களின் மலத்தைக் கரைத்து நான்கு பேருக்கு எனிமா கொடுத்தார்கள். நால்வரும் தேறினார்கள். 1958இல் இது கட்டுரையாக வந்தது. அப்போது ஸ்டஃபைலோகாக்கஸ் மேல்தான் பழி. முக்கியக் குற்றவாளி க்ளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்பது 1978இல்தான் தெரிந்தது.

ஐஸ்மன் முதல் ஆள் அல்ல. நான்காம் நூற்றாண்டிலேயே சீன மருத்துவர் கோ ஹோங், நஞ்சான உணவு உண்டு சாகக் கிடந்தவர்களுக்கு இதைக் குடிக்கவே கொடுத்திருக்கிறார். 16ஆம் நூற்றாண்டுச் சீன வைத்தியத்தில் அதற்கு ‘மஞ்சள் சூப்’ என்று கௌரவமான பெயரும் உண்டு. நோயாளியிடம் உண்மையைச் சொல்லியிருப்பார்களா என்பது என் நெடுநாள் சந்தேகம்.

அருவருப்பு காரணமாகவோ என்னவோ, முறையான சோதனையின் முடிவுக்கு 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டிஃபிசில் நோயாளிகளிடம் ஆம்ஸ்டர்டாமில் நடந்தது அது. முதலில் நோயாளியின் குடலைக் கழுவிச் சுத்தம் செய்தார்கள். கொடையாளர் அன்று கொடுத்த மலத்தை உப்புநீரில் கரைத்து, வடிகட்டி, மூக்கு வழியே சிறுகுடல்வரை போகும் குழாயில் அரை லிட்டர் செலுத்தினார்கள். 16 பேரில் 13 பேருக்கு ஒரே தடவையில் நோய் நின்றது. மற்ற மூவருக்கு வேறொருவரின் மலம். அதில் இருவர் தேறினார்கள். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் மட்டும் சாப்பிட்ட 13 பேரில் தேறியவர்கள் நால்வர். வித்தியாசம் இவ்வளவு தெளிவாக இருந்ததால் சோதனையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் எல்லா வயிறும் ஒரே மாதிரி அல்ல. லூதியானாவில் தயானந்த் மருத்துவக் கல்லூரியின் அஜித் சூட் குழு, பெருங்குடல் புண் நோயாளிகளுக்கு இதைச் செய்துவருகிறது. தேறியவர்களில் ஒரு பகுதியினருக்கு எட்டு வாரத்துக்கு ஒருமுறை, 48 வாரங்கள் தொடர்ந்து கொடுத்தார்கள். அவர்களில் 58 சதவீதத்தினருக்குக் குடல் உட்புறம் ஆறியே இருந்தது. போலி மருந்து பெற்றவர்களில் 27 சதவீதம்தான். குடியேற்றியது நிலைக்க, திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டியிருக்கிறது. ஆபத்தும் உண்டு: 2019இல் அமெரிக்காவில், கொடையாளரின் மலத்தோடு மருந்துக்கு அடங்காத ஈ.கோலையும் உள்ளே போய் ஒருவர் இறந்தார்.

அடுத்தவரிடம் வாங்காமல், இருப்பதையே வளர்த்தால் என்ன? தமிழ்நாடு அந்த வழியில் முன்பே நடந்திருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் பி.எஸ். ராமகிருஷ்ணா குழு, காலரா நோயாளிகளின் உப்பு-சர்க்கரைக் கரைசலில் லிட்டருக்கு 50 கிராம் மக்காச்சோள மாவுச்சத்து கலந்தது. சிறுகுடலில் செரிக்காத ரகம் அது. நேரே பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பாக்டீரியாக்களுக்கு இரையாகிறது. அவை அதைப் புளிக்கவைத்து உண்டாக்கும் அமிலங்கள், குடல் உப்பையும் நீரையும் திரும்ப உறிஞ்ச உதவுகின்றன. வயிற்றுப்போக்கு சீக்கிரம் நின்றது. 2000இல் வெளியான ஆய்வு.

இன்னொரு உதாரணம் கல்பாக்கம். அணுமின் நிலையத்துக்கும் நுண்ணுயிருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். உலையின் குளிரூட்டலுக்குக் கடல்நீர், கடலடியில் ஏறத்தாழ அரை கிலோமீட்டர் சுரங்கம் வழியே வருகிறது. சுவரெல்லாம் மட்டியும் வழவழப்பான நுண்ணுயிர்ப் படலமும். அதை ஒழிக்க ஆராய்ந்த துறையே, அதே படல வித்தையைக் கழிவுநீருக்குத் திருப்பியது.

புதுச் சுத்திகரிப்பு நிலையத்தைத் தொடங்க, ஓடுகிற நிலையத்திலிருந்து சேறு கொண்டுவந்து ஊற்றுவது உலக வழக்கம். அதுவும் ஒரு மல மாற்றுதான். கல்பாக்கத்தில் ஒய்.வி. நாஞ்சாரய்யா குழு, இரவல் சேறு இல்லாமல் சாக்கடையிலேயே இருந்த நுண்ணுயிர்களைத் திரட்டிக் காட்டியது. காற்றூதி, நிறுத்தி, படியக் கொஞ்சம் நேரமே தருவார்கள். மெதுவாகப் படிபவை நீரோடு வெளியேறும். சட்டென்று அடியில் இறங்குபவை தங்கும். சுற்றுச் சுற்றாக இது நடக்க, ஜவ்வரிசி போல மணிமணியாகத் திரள்கின்றன.

தொட்டியில் யார் தங்குவது என்பதைக் கடிகாரத்தை வைத்தே தீர்மானிக்க முடிகிறது. குடலுக்கு அப்படியொரு பிடி இன்னும் அகப்படவில்லை. 2023இல் அமெரிக்கா அனுமதித்த காப்ஸ்யூலுக்கும் மூலப்பொருள் கொடையாளரின் மலமே. அந்தக் கொடையாளர்களை எப்படிச் சலித்தெடுக்கிறார்கள் என்பதை அடுத்த வாரம் பார்க்கலாம்.

(தொடரும்)