மூப்பும் மரக்குதிரையும்

வீட்டில் இயல்பாக நடந்துவந்த உழைப்பு வீட்டைவிட்டு வெளியேறிய பிறகே அதற்கு ஈடாக ஒரு கருவி உள்ளே நுழைகிறது. தேகப்பயிற்சிச் சாதனங்களின் சரித்திரத்தை எந்தப் பக்கத்தில் புரட்டினாலும் இந்தக் காரணமே கண்ணிற் படுகிறது. ஏர் பிடித்தவனுக்கும் உரல் குத்தியவளுக்கும் மூப்பு வந்தபோதும் கைகால்களுக்கு வேலை இருந்தது. பேனாவையும் பிரசங்க மேடையையும் நாற்காலியையும் நம்பி வாழ்ந்தவர்களுக்கோ, ஐம்பதுக்கு மேல் சரீரம் தளரத் தொடங்கியபோது, அதைத் தாங்கிப் பிடிக்க அன்றாட வாழ்க்கையில் ஒன்றும் இருக்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் எழுத்தாளர்களும் வைத்தியர்களும் மதபோதகர்களும் கருவிகொண்டு வீட்டிலேயே பயிலும் வழக்கத்தை முதன்முதலாக ஆர்வத்தோடு பற்றிக்கொண்டவர்களுள் காணப்படுவது இதனால்தான்.

1711-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஜோஸப் அடிஸன் தமது ‘ஸ்பெக்டேட்டர்’ பத்திரிகையில் தேகாப்பியாசத்தைப் பற்றி எழுதியபோது, நகரத்தில் தங்கும் நாட்களில் குதிரையேற வாய்ப்பில்லாமையால் அறையின் ஒரு மூலையிலுள்ள டம்பெல்லைக் கொண்டு காலைதோறும் ஒரு மணி நேரம் பயில்வதாகக் குறிப்பிட்டார். குதிரையேற்றமே அக்காலத்து வைத்தியர்கள் கனவான்களுக்கு விதித்த தலையாய பயிற்சியாதலால், குதிரையே ஏற இயலாத முதியவருக்கும் நோயாளிக்கும் வீட்டுக்குள்ளேயே ஒரு குதிரையைச் செய்து தருவது அடுத்த படியாயிற்று. ‘அறைக்குதிரை’ என்று பொருள்படும் பெயரோடு வழங்கிய அது, உருவத்தில் குதிரையன்று, உயரமான ஓர் ஆசனமே. பலகைகளுக்கிடையே கம்பிச் சுருள்களை அடுக்கி, மேலே தோலைப் போர்த்தி, இருபுறமும் பிடித்துக்கொள்ளக் கைகள் வைத்திருப்பார்கள். ஏறி அமர்ந்து அழுத்தினால் ஆசனம் தாழ்ந்து எழும். ஏறியவர் சவாரி செய்பவரைப் போல் மேலும் கீழுமாக ஆடுவார். பாத் நகரத்து வைத்தியர் ஜார்ஜ் சேன், மேசையடியிலேயே காலங்கழித்த நாவலாசிரியர் சாமுவேல் ரிச்சர்ட்ஸனுக்கு எழுதிய கடிதங்களில் இதை வற்புறுத்தியிருக்கிறார். தாமஸ் ஷெரட்டனின் மரச்சாமான் சித்திரப் புத்தகத்திலும் இதன் அமைப்பு வரைந்து காட்டப்பட்டுள்ளது. மெதடிஸ்ட் சபையின் ஸ்தாபகரான ஜான் வெஸ்லி, ஆயுளில் பெரும்பகுதியைக் குதிரைமீதே கழித்து ஊர் ஊராய்ப் பிரசங்கம் செய்தவர். 76-ஆம் வயதில் அவர் குடிபுகுந்த லண்டன் இல்லத்தில் இத்தகைய ஆசனம் ஒன்று இன்றும் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது.

இக்கருவியை நான் குறைகூறப் புகவில்லை. ஆயினும் அதன் சுருள்கள் ஆட்டத்தில் பாதியைத் தாமே ஏற்றுக்கொண்டன என்பதைக் கவனித்தல் வேண்டும்; ஏனெனில், இதற்குப் பின்வந்த கருவிகள் அனைத்தும் இரண்டு குலங்களாகப் பிரிந்துபோயின. மனிதன் சும்மா இருக்க அவனை ஆட்டிவைக்கும் கருவிகள் ஒரு குலம்; தாம் சும்மா கிடக்க, மனிதனே வருந்தி அசைக்க வேண்டிய கருவிகள் மற்றொரு குலம்.

இரண்டாவது குலத்துக்கு அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளினைக் காட்டிலும் சிறந்த சாட்சியை நான் அறியேன். 1772-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், தமக்கு 66 வயதாகியிருந்தபோது, மகன் வில்லியத்துக்கு எழுதிய கடிதத்தில் அவர் பயிற்சியை அளக்கும் முறையையே மாற்றியமைத்தார். எவ்வளவு தூரம் சென்றோம், எவ்வளவு நேரம் செலவிட்டோம் என்பதைக் கொண்டன்று, உடம்பில் எவ்வளவு உஷ்ணம் பிறந்தது என்பதைக் கொண்டே பயிற்சியை மதிப்பிட வேண்டும் என்பது அவர் கொள்கை. சமதரையில் ஐந்து மைல் நடப்பதைவிடப் படிக்கட்டில் ஏறியிறங்கி ஒரு மைல் நடப்பதில் பயன் மிகுதி என்று கண்ட அவர், டம்பெல்லை நாற்பது முறை வீசியதில் தமது நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 60-லிருந்து 100-க்கு உயர்ந்ததென்று விநாடி காட்டும் கடிகாரத்தை வைத்து எண்ணியும் எழுதினார். இருதய வைத்தியம் என்றொரு தனித்துறை தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே, ஒரு முதியவர் தம் அறையில் நின்று தம் நாடியையே பிடித்துப் பார்த்துச் செய்த பரிசோதனை இது என்பதை எண்ணும்போது எனக்குப் பெருமதிப்பு உண்டாகிறது. அத்தோடு அவர் நின்றுவிடவுமில்லை. சிறுநீர்க்கல் நோயால் வண்டிப் பிரயாணமும் துன்பமாகிவிட்ட 1787-இல், 81-ஆம் வயதில், பிரெஞ்சு நண்பர் ஒருவருக்கு எழுதியபோது, மிதமாக உண்டு, மதுவை ஒழித்து, தினந்தோறும் டம்பெல் பயிற்சி செய்துவருவதாகத் தெரிவித்தார். அவ்வாண்டுக் கோடையில்தான் பிலடெல்பியாவில் கூடிய அரசியலமைப்புச் சபையில் அங்கத்தினராக அவர் வீற்றிருந்தார்.

இவ்விரண்டாங்குலத்தில் நம் தேசத்துக்கும் உரிய பங்கு உண்டு. மல்லர்களும் போர்வீரர்களும் தேகப்பயிற்சிக் கூடங்களில் தலையைச் சுற்றி வீசிப் பழகிய கர்லாக்கட்டையை, இங்கு வந்த ஆங்கில இராணுவத்தார் கண்டு வியந்து தம் நாட்டுக்குக் கொண்டுபோயினர். 1834-இல் வெளிவந்த டொனால்ட் வாக்கரின் தேகப்பயிற்சி நூலில் அது இடம்பெற்றது. 1866-இல் நியூயார்க்கில் சிம் கீஹோ அதற்கென்றே ஒரு புத்தகம் வெளியிட்டு, கட்டைகளைச் செய்து விற்கவும் செய்தார். 1904, 1932 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக் பந்தயங்களில் கட்டை சுழற்றுதல் ஒரு போட்டியாகவே நடைபெற்றது. கனத்த கட்டை வாலிபனுக்கு. இலேசான கட்டையோ, தோளை எல்லாத் திசையிலும் இதமாகச் சுழல வைப்பதால், வயதானவர்களுக்கு மிகவும் ஏற்றதென்பது என் துணிபு. மேல்நாட்டு இல்லங்கள் ஆவலோடு ஏற்ற அந்தக் கட்டையை நம் இல்லங்கள் பயில்வானுக்கு மட்டுமே உரியதாக எண்ணி ஒதுக்கிவிட்டது வருந்தத்தக்கது.

இனி முதற்குலத்தின் வரலாறு. ஸ்வீடன் தேசத்து வைத்தியர் குஸ்டாவ் ஸாண்டர் 1865-இல் ஸ்டாக்ஹோம் நகரில் யந்திரங்களைக் கொண்ட சிகிச்சைக் கூடத்தைத் திறந்தார். அங்கே நோயாளியே பளுவை நெம்ப வேண்டிய யந்திரங்களும் இருந்தன, நீராவியால் இயங்கி நோயாளியை அசைத்துப் பிசைந்துவிடும் யந்திரங்களும் இருந்தன. பிந்தியவை செல்வர்களின் மனத்தைக் கவர்ந்தன. 1912-இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் பயிற்சி அறையில் மின்சாரக் குதிரையும் மின்சார ஒட்டகமும் நின்றன. அமெரிக்க ஜனாதிபதி கால்வின் கூலிட்ஜ் வெள்ளை மாளிகையிலேயே ஒரு மின்சாரக் குதிரையை வைத்து ஏறிவந்தார். பத்திரிகைகள் நகைத்த அக்குதிரை இப்போது மாஸசூஸெட்ஸிலுள்ள நார்தாம்ப்டன் நகர நூலகத்தில் இருக்கிறது. 1949 முதல் விற்பனையான ரிலாக்ஸசைஸர் என்னும் பெட்டி ஆட்டும் வேலையையும் விட்டொழித்து, தோலில் மின்சாரம் பாய்ச்சித் தசையைச் சுருங்கவைத்தால் போதும் என்றது. சுமார் 4 லட்சம் விற்றுத் தீர்ந்தபின், 1970-இல் அமெரிக்க நீதிமன்றம் அது அபாயகரமானது எனத் தீர்ப்பளித்து விற்பனையைத் தடுத்தது. உடம்பு வருந்தாமல் உடம்பின் பலனைப் பெறலாம் என்ற ஆசையைக் காசாக்கிய இப்பண்டங்கள், அப்பலன் மிகத் தேவைப்பட்டவர்களையே ஏமாற்றின என்பதை நான் மன்னிக்க இயலாத குற்றமாகவே கருதுகிறேன்.

அதே காலத்தில் மற்றக் குலமும் வளர்ந்தது. யூஜின் சாண்டோ, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்த டம்பெல்லுக்கு நடுவே ஸ்பிரிங்குகளை வைத்து, பிடித்து நெரித்துக்கொண்டே பயில வேண்டிய கருவியை வீடுகளுக்கு விற்றார். இந்தியாவிலும் சுற்றுப்பயணம் செய்த அவருடைய பெயர் இங்கே பலசாலிகளுக்கு ஒரு பட்டமாகவே நிலைத்தது. பட முதலாளி சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னே நின்ற ‘சாண்டோ’ அவருடையதே. டிரெட்மில்லின் கதை இன்னும் விநோதமானது. 1818-இல் இங்கிலாந்தின் வில்லியம் கியூபிட், சிறைக்கைதிகள் மிதிப்பதற்கென்று செய்த சக்கரம் அது. 1898-இல் சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை பல்லாயிரம் பேரின் கால்களை வதைத்தது. 1968-இல் கென்னத் கூப்பர் எழுதிய ‘ஏரோபிக்ஸ்’ நூலைப் படித்த அமெரிக்க யந்திர நிபுணர் வில்லியம் ஸ்டாப், மழையிலும் பனியிலும் நடையைக் கைவிடாதிருக்க வீட்டுக்கேற்ற மலிவான டிரெட்மில்லை அமைத்தார். பட்டையை மோட்டார் ஓட்டினாலும் அடியெடுத்து வைப்பவன் மனிதனே. தாம் செய்த கருவியில் முதுமையிலும் நடந்துவந்த ஸ்டாப், 2012-இல் 96-ஆம் வயதில் காலமானார்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு கேள்வி எஞ்சி நின்றது: தொண்ணூறு வயதில், தடியூன்றி நடக்கும் நிலையில், தசை புதிதாக வலுப்பெறுமா? ஆகாது, அந்த வயதில் பளு தூக்கச் சொல்வதே ஆபத்து என்ற எண்ணம் பரவலாக இருந்தது. பாஸ்டன் நகரத்து முதியோர் இல்லமொன்றில் மரியா பியாடரோன் என்னும் மருத்துவரும் அவருடைய சகாக்களும் இதைச் சோதித்து 1990-இல் முடிவை வெளியிட்டார்கள். 86 முதல் 96 வயது வரையுள்ள பத்துப் பேர் முன்வந்து, வாரத்துக்கு மூன்று நாட்களாக எட்டு வாரம், முழங்காலை நீட்டிப் பளுவை உயர்த்தும் பயிற்சியைச் செய்தனர். விளையாட்டுக்கான பளு அன்று, ஒருமுறை தூக்கக்கூடிய முழுச் சுமையில் ஐந்தில் நான்கு பங்கு வரை ஏற்றப்பட்ட பளு. இறுதிவரை பயின்ற ஒன்பது பேரின் கால்வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. இருவர் ஊன்றுகோலையே விட்டுவிட்டனர். 1994-இல் நூறு பேரை வைத்துப் பத்து வாரம் நடத்திய சோதனையிலும் பயிற்சி செய்தவர்களின் வலிமை 113 சதவீதம் உயர்ந்தது. பயிற்சியின்றிச் சத்துணவு மட்டும் பெற்றவர்களுக்கு அந்தப் பயன் கிட்டவில்லை. உலக சுகாதார ஸ்தாபனம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறைகளில், 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் இரண்டு நாளேனும் தசைக்கு வலிமையூட்டும் பயிற்சியையும், மூன்று நாளேனும் விழாமல் நிற்கச் சமநிலை தரும் பயிற்சியையும் மேற்கொள்ளும்படி கூறியிருக்கிறது.

உழைப்பு வீட்டைவிட்டு வெளியேறுவதாகிய, இங்கிலாந்தில் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய அந்த மாறுதல் நம்முடைய வீடுகளில் ஒரு தலைமுறைக்குள் நடந்து முடிந்துவிட்டது. அம்மியும் ஆட்டுக்கல்லும் மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் இடங்கொடுத்தன. கிணற்று ராட்டினம் மோட்டாருக்கு இடங்கொடுத்தது. அவை போனதற்காக அழ வேண்டியதில்லை, பெண்களின் முதுகொடித்த வேலைகள் அவை. ஆனால் அவற்றோடு சேர்ந்து போன வலிமைக்கு ஈடு செய்யாமல் இருப்பது தகாது. விலையுயர்ந்த யந்திரம் எதுவும் அதற்கு வேண்டியதில்லை: ஒரு ஜோடி இலேசான டம்பெல், ஒரு ரப்பர் பட்டை, கைப்பிடியில்லாத உறுதியான நாற்காலி ஒன்று, இவை போதும். அந்நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்வதே முதற்பயிற்சி. அறுபதைக் கடந்தவர்களும், அவர்களை வீட்டில் வைத்துப் பேணும் மக்களும், இருதயமும் மூட்டுகளும் எவ்வளவு தாங்கும் என்பதை மருத்துவரிடம் கேட்டறிந்துகொண்டு, இந்த வாரமே தொடங்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.