பருத்தியின் வம்சாவளியும் வெள்ளவத்தை ஆலையும்

கொழும்பு வெள்ளவத்தையில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த நூற்பு நெசவு ஆலை, இலங்கைத் தொழிலாளர் வரலாற்றிலே தனியிடம் பெற்றதாகும். அவ்வாலையைப் பற்றி எழுதுவோர் முதலாளி, தொழிலாளி, தொழிற்சங்கம் என்பவற்றையே நோக்குவர். ஆலைகள் வேண்டி நின்ற பருத்திக்கும் ஒரு வரலாறு உண்டு. 'நாட்டது', 'அந்நியமானது' என்ற பாகுபாடு இவ்விரு வரலாறுகளிலும் எவ்வாறு தொழிற்பட்டது என்பதை இக்கட்டுரையில் நாம் ஒப்பிட்டு நோக்குவோம்.

உலகிற் பயிரிடப்படும் பருத்தியினங்கள் நான்கு. ஆசிய, ஆபிரிக்க நிலங்களுக்குரிய இரண்டும் 26 நிறமூர்த்தங்களைக் கொண்டவை. திருநெல்வேலிச் சீமையின் கருங்கண்ணி இவற்றுள் ஒன்றைச் சார்ந்தது. அமெரிக்காவுக்குரிய ஏனைய இரண்டும் 52 நிறமூர்த்தங்களைக் கொண்டவை. லங்காஷயர் இயந்திரங்கள் நீண்ட இழையையே வேண்டியமையால், குறுகிய இழையுடைய நாட்டுப் பருத்தி தாழ்ந்ததெனக் கணிக்கப்பட்டது. அமெரிக்க இனத்தைச் சேர்ந்த கம்போடியாப் பருத்தி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தமிழகத்திற் பரவலாயிற்று. ஆயின், உலகம் வியந்த டாக்கா மஸ்லின் துணி, கருங்கண்ணி சார்ந்த அதே இனத்தின் பஞ்சினால் கைநூற்போர் ஆக்கியதே என்பது நோக்கத்தக்கது. இழையின் உயர்வு தாழ்வை வகுத்தது இயந்திரத்தின் தேவையே எனலாம்.

அமெரிக்கப் பருத்தியும் முற்றிலும் வேற்றினமன்று. அதன் நிறமூர்த்தங்களிற் பாதி பருமனிற் பெரியனவாயும் பாதி சிறியனவாயும் இருத்தலை 1930களில் ஆய்வாளர் கண்டனர். ஆசிய இனத்தையும் அமெரிக்கக் காட்டினத்தையும் கலந்து, நிறமூர்த்தங்களை இரட்டிப்பித்து, அதனையொத்த செடியைப் பீஸ்லி என்பார் 1940இல் உருவாக்கிக் காட்டினார். பத்து இலட்சம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைமையுடைய இக்கலப்பு, மனிதர் பருத்தியைப் பயிரிடுவதற்கு நெடுங்காலம் முன்னரே இயற்கையில் நிகழ்ந்ததாகும்.

அமெரிக்கக் காட்டினமொன்றின் மரபுத்தொகுதி 2012இலும், ஆசிய இனத்தினது 2014இலும், கலப்பினத்தினது 2015இலும் வெளியாயின. அதன்பின் பரம்பரையலகுக் குடும்பங்களை இனத்துக்கு இனம் ஒப்பிடுதல் எளிதாயிற்று. இவற்றுள் பிரதியெடுப்புக் காரணிகள் எனப்படுபவை சிறப்பானவை. பிற பரம்பரையலகுகள் எங்கே, எப்போது தொழிற்படவேண்டும் என்பதை நெறிப்படுத்தும் புரதங்கள் இவை. எம்.வை.பி. குடும்பத்தைச் சார்ந்த ஒரு காரணியின் செயலை அடக்கியபோது விதையில் இழை தோன்றாதொழிந்தமையை 2011இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. இக்குடும்பம் இழையுள்ள இனங்களிலும் நூற்கத்தக்க இழையற்ற காட்டினங்களிலும் காணப்படுகின்றது. ஆகவே, அலகுகள் உளவா இலவா என்று எண்ணுவதுடன் நில்லாது, அவை எவ்வளவில், எப்பருவத்திற் செயற்படுகின்றன என்பதையும் ஆராய்தல் வேண்டும். மேலும், இழையின் தரத்துக்குக் காரணமான பகுதிகள் பல, இழையற்ற காட்டுமூதாதையிடமிருந்து வந்த பாதியிலேயே அமைந்துள்ளன என்பது 1998இல் புலனாயிற்று. பயனற்றதெனத் தோன்றிய மூதாதையின் பங்கு அத்தகையது.

இனி, ஆலைக்கு வருவோம். 1933இல் வெள்ளவத்தை ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். அவர்களுட் பெரும்பாலோர் இந்திய வம்சாவளியினர். கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளம் இடதுசாரிகள் போராட்டத்துக்குத் தலைமை தாங்கினர். 1923ஆம் ஆண்டுப் பொது வேலைநிறுத்தத்தை நடத்திய ஏ. ஈ. குணசிங்கவோ இப்போராட்டத்தை எதிர்த்து நின்றார். அந்நியத் தொழிலாளர் என்ற கூக்குரல், ஒரே தறிக்கூடத்தில் உழைத்தவர்களைப் பிரிக்க உதவிற்று. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அப்பிரிவினையை மலையகத் தமிழர்மீது சட்டமாகவே சுமத்திற்று.

தாவரத்தின் இயல்பிலிருந்து சமூக நியதியை வருவித்தல் தவறு. அவ்வாறு செய்தோரின் இனவாதம் விளைத்த கேட்டை உலகம் அறியும். எமது முடிபு அதனின் வேறானது. பருத்தியை 'நாட்டது', 'தாழ்ந்தது' என வகுத்தது சந்தையின் அளவுகோல். தொழிலாளரை 'அந்நியர்' என வகுத்தது அரசியலின் அளவுகோல். இரண்டும் வரலாற்றில் மனிதர் வகுத்தவை; ஆதலின், மனிதரால் மாற்றத்தக்கவை. இன்று அவ்வாலை நின்ற நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துள்ளன. அங்கு உழைத்தோரின் வரலாற்றை எழுதுதல் இன்னும் நிறைவேறாத கடமையாகவே உள்ளது.