சேர்ந்து வாழ்ந்ததற்குச் சாட்சி எங்கே?

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இப்போது வெளிநாட்டில் இருக்கும் கணவனிடமோ மனைவியிடமோ போய்ச் சேர விண்ணப்பிக்கிறார்கள். கலியாணம் முடித்த பத்திரம் மட்டும் போதாது, உண்மையாகவே குடும்பமாக இருக்கிறீர்கள் என்பதற்கும் சாட்சி வேண்டும் என்கிறார்கள். படம், காசு அனுப்பிய ரசீது, இரண்டு பேர் பெயரிலும் வந்த கடிதம் என்று தேடி அலைகிறார்கள். "புருஷன் பொஞ்சாதி என்று ஊருக்கே தெரியும், இதற்கு எதற்குக் காகிதம்?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மலையகத்துக்கு இது புதிய கேள்வி இல்லை. எழுபத்தைந்து வருடத்துக்கு முன்பு இதே கேள்வியை ஓர் அரசாங்கம் எங்கள் லயங்களிலும் கடைவீதிகளிலும் கேட்டது. பதில் சொல்ல முடியாதவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள்.

நடந்தது இதுதான். சுதந்திரம் கிடைத்த அதே 1948 இல் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அது நவம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்த மண்ணில் பிறந்தால் மட்டும் போதாது, தகப்பனும் இங்கே பிறந்தவர் என்று காட்ட வேண்டும். தகப்பன் வெளியே பிறந்திருந்தால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததாகக் காட்ட வேண்டும். லயத்தில் பிறந்த எத்தனை பேரிடம் அப்பாவின் பிறப்புப் பத்திரம் இருந்திருக்கும்?

அதற்கு மாற்று வழி என்று 1949 இல் 3 ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். பரம்பரையைக் காட்ட முடியாவிட்டால் குடியிருப்பைக் காட்டு என்றது அது. கலியாணம் முடித்தவர் என்றால் 1946 ஜனவரி 1 க்கு முந்திய 7 வருடம், தனியாள் என்றால் 10 வருடம் இந்த நாட்டில் இடைவிடாமல் வசித்திருக்க வேண்டும். அதாவது குடும்பக்காரர் 1939 இன் தொடக்கத்திலிருந்தும் தனியாள் 1936 இன் தொடக்கத்திலிருந்தும், மனுப்போடும் நாள் வரை கணக்குக் காட்ட வேண்டும். இடையில் ஒரு தடவை வெளியே போய் 12 மாதத்துக்கு மேல் தங்கியிருந்தால் அந்தத் தொடர் அறுந்ததாகக் கணக்கு.

இத்தோடு முடியவில்லை. விண்ணப்பிப்பவர் குடும்பக்காரர் என்றால் அவருடைய மனைவியும் வயது வராத பிள்ளைகளும் இங்கேதான் குடியிருக்கிறார்கள் என்பதையும் காட்ட வேண்டும். குடும்பத்துக்கு ஒரு மனு. அதில் மனைவியின் கணக்குப் பிழைத்தால் புருஷனுடைய மனுவே விழுந்துவிடும். இன்றைக்கு விசா அதிகாரி கேட்கும் "சேர்ந்து வாழ்கிறீர்களா?" என்ற கேள்வியேதான் இது. அன்றைக்கு அதில் தொங்கியது விசா இல்லை, நாடு.

லயத்துக் குடும்பத்தின் கையில் என்ன இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலான கலியாணங்கள் சாதிசனத்துக்கு முன்னால் தாலி கட்டி முடிந்தவை, பதிவு இல்லை. வேலை செய்ததற்குச் சாட்சி செக்ரோல். புருஷன் பெயரும் பொஞ்சாதி பெயரும் ஒரே தோட்டத்துச் செக்ரோலில் வருடக்கணக்காக வந்தால் அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. ஆனால் அந்தப் புத்தகம் இருந்தது தோட்டத்து ஆபிசில். அதிலிருந்து எழுதிக் கொடுக்க வேண்டியவர்கள் துரையும் கிளாக்கரும். ஒரு தோட்டத்தில் ராமாயி, அடுத்த தோட்டத்தில் ராமாய், பிள்ளையின் பிறப்புப் பதிவில் இராமாயி அம்மாள் என்றிருந்தால் மூன்று பேரா ஒருத்தியா என்ற சந்தேகம் வரும். தோட்டம் மாறி மாறி வேலை செய்தவர்களுக்கு ஒவ்வொரு தோட்டத்திலும் கைகட்டி நிற்க வேண்டிய நிலை. தாங்கள் வாழ்ந்த வாழ்க்கைக்கான சாட்சி அடுத்தவரின் அலுமாரியில் இருந்தது.

ஊர்ப் பயணமும் வினையானது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது, தகப்பனின் காரியத்துக்குப் போவது, குலசாமிக்கு நேர்த்தி செலுத்தப் போவது எல்லாம் எந்தக் குடும்பத்திலும் நடப்பவை. ஆனால் அக்கரைக்குப் போய் வந்ததையும் ஊருக்குக் காசு அனுப்பியதையும் காட்டி, "இவர்கள் நிரந்தரமாகக் குடியேறியவர்கள் இல்லை" என்று வாதிட்டார்கள். உறவைப் பேணியதே குற்றமானது.

இது தோட்டத்துத் தமிழ் மக்களின் கதை மட்டும் என்று நாங்கள் ஒதுங்கிவிட முடியாது. அந்தச் சட்டம் இந்திய வம்சாவளி முஸ்லிம்களையும் சேர்த்தே பிடித்தது. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா கடைவீதிகளில் வியாபாரம் செய்த எத்தனையோ பேர் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களிலிருந்து வந்தவர்கள். கடை இங்கே, குடும்பம் அங்கே என்று வாழ்ந்தவர்கள் அவர்களில் அதிகம். இருபது வருடம் இங்கே கடை நடத்தினாலும் மனைவி அக்கரையில் இருந்தால், சட்டத்தின் கண்ணில் அவர் நிரந்தரமானவர் இல்லை. நிக்காஹ் எழுதிய கடுத்தம் கையில் இருந்தும் பயனில்லை. கலியாணம் நடந்ததை அது சொல்லும், ஒரே வீட்டில் இருந்ததைச் சொல்லாது. 1949 நவம்பரில் குடிவரவுச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு பிரஜாவுரிமை இல்லாத வியாபாரிகள் பலர் தற்காலிக வதிவிட அனுமதியில், எப்போது முடியும் என்ற பயத்தோடு இருந்தார்கள். மலையகத்தில் "டி.ஆர்.பி. காரர்" என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

விண்ணப்பிக்க இரண்டு வருட அவகாசம். 1951 ஓகஸ்ட் 5 கடைசி நாள். இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் இந்தச் சட்டத்தைப் புறக்கணித்தது, பிறகு விண்ணப்பிக்கச் சொன்னது. கடைசியில் சுமார் 2,37,000 மனுக்கள், அவற்றில் ஏறக்குறைய 8,25,000 பேர். விசாரணை பத்து வருடத்துக்கு மேல் இழுத்தது. பிரஜாவுரிமை கிடைத்தவர்கள் சுமார் 1,34,000 பேர்தான். ஆறு பேரில் ஒருவர். இடையில் 1949 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டத்தால் வாக்குரிமையும் போயிருந்தது. 1947 இல் ஏழு உறுப்பினர்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்களுக்கு 1952 இல் வாக்கு இல்லை. கோடக்கன்பிள்ளை வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1953 இல் தோற்றது.

பிறகு 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்றார்கள். 1974 இல் அந்த மிச்சத்தையும் இரண்டு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. "இந்தியாவுக்கு எழுதினவர்", "இலங்கைக்கு எழுதினவர்" என்று ஒரே லயத்துக்குள் பிரிவு வந்தது. தாயும் மகளும், அண்ணனும் தம்பியும் தலைமன்னாரில் கப்பலேறும் இடத்தில் பிரிந்தார்கள்.

2003 இல் நடந்ததை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். அந்த வருடத்து 35 ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசித்தவர்களுக்கும் அவர்களின் சந்ததிக்கும் பிரஜாவுரிமை கொடுத்தது. நாடற்றிருந்தவரிடம் கேட்டது, சமாதான நீதவான் ஒப்பமிட்ட ஒரு பிரகடனம். தொழிற்சங்கங்களும் தொண்டர்களும் ஐ.நா. அகதிகள் நிறுவனமும் சேர்ந்து நடத்திய முகாம்களில் பத்து நாளில் சுமார் 1,90,000 பேருக்குப் பத்திரம் கிடைத்தது. அதே மக்கள், அதே லயம், அதே காகிதப் பஞ்சம். 1949 இல் முடியாதது 2003 இல் முடிந்தது எப்படி? கேட்ட விதம் மாறியது. சந்தேகப்பட்டுக் கேட்டால் எந்தச் சாட்சியும் போதாது. ஏற்றுக்கொள்ளும் எண்ணத்தோடு கேட்டால் ஒரு கையெழுத்துப் போதும். சாட்சி இல்லாதவர் பொய்யர் என்று நாங்கள் யாரையும் அவசரப்பட்டுச் சொல்லக்கூடாது என்பதற்கு இந்த வரலாறே போதும்.

ஆனாலும் கேட்கிறவரின் மனதை நாங்கள் மாற்ற முடியாது. எங்கள் கையில் இருப்பதை ஒழுங்குபடுத்தலாம். முதலாம் தர அனுமதிக்கு வாக்காளர் இடாப்பு கேட்கும்போது, தாயின் பெயர் இன்னும் பிறந்த வீட்டு இடாப்பிலேயே இருப்பதை ஆசிரியர்களாகிய நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். தோட்டத்தில் லயத்துக்குத் தனி விலாசம் இல்லாமல் கடிதமெல்லாம் ஆபிசுக்கு வருவதால், ஒரே வீட்டில் இருப்பதைக் காட்டுவது இன்றைக்கும் சிரமம். எனவே கலியாணம் முடிந்த கையோடு சில வேலைகளைச் செய்யுங்கள். நிக்காஹைப் பதிவு செய்யுங்கள். 1951 ஆம் ஆண்டு முஸ்லிம் விவாகச் சட்டப்படி பதிவில்லாவிட்டாலும் திருமணம் செல்லும், ஆனால் அந்தப் பெண்ணின் கையில் காட்ட எதுவும் இருக்காது. கிராம உத்தியோகத்தரிடம் சொல்லி இருவர் பெயரையும் ஒரே வீட்டு இலக்கத்தில் வாக்காளர் இடாப்பில் சேருங்கள். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், வங்கிப் புத்தகம் எல்லாவற்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கட்டும். கிளினிக் கார்ட், கரண்ட் பில், காசு அனுப்பிய ரசீது எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போடுங்கள். அந்த ஃபைல் மனைவிக்கும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

இன்னொரு வேண்டுகோள். பழைய பிரஜாவுரிமைப் பத்திரம், செக்ரோல் துண்டு, கூப்பன் புத்தகம், கடுத்தம், அக்கரைக் கடிதம் எது வீட்டில் இருந்தாலும் பெருநாளுக்கோ தீபாவளிக்கோ வீடு கழுவும்போது எறிந்துவிடாதீர்கள். எங்களுக்குச் சொல்லுங்கள். உயர்தர வகுப்புப் பிள்ளைகளோடு வந்து படம் எடுத்துக்கொண்டு பத்திரத்தை உங்களிடமே தருகிறோம்.