இரத்தக் குழாயைத் தளர்த்தும் இரு பொருள்கள்: புரோஸ்டாகிளாண்டின், நைட்ரிக் ஆக்சைடு ஆய்வுகளின் இணைவரலாறு

ராபர்ட் ஃபர்ச்காட்டும் ஜான் சவாட்ஸ்கியும் 1980இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட கட்டுரையிலிருந்துதான் நைட்ரிக் ஆக்சைடு ஆய்வின் வரலாற்றைப் பெரும்பாலோர் தொடங்குகிறார்கள். இரத்தக் குழாயின் உட்சுவரில் ஒற்றை அடுக்காகப் படர்ந்திருக்கும் எண்டோதீலியச் செல்கள் ஏதோ ஒரு பொருளை வெளியிடுகின்றன, அது பக்கத்திலுள்ள மென்தசையைத் தளர்த்துகிறது என்பதே அக்கட்டுரையின் முடிவு. அந்தப் பொருள் எது என்பது அப்போது தெரியாது. முதல் சந்தேகம் புரோஸ்டாகிளாண்டின் குடும்பத்தின் மீதே விழுந்தது. அதன் உற்பத்தியைத் தடுக்கும் மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள், தளர்ச்சி குறையவில்லை. அப்படியும் அந்தக் குடும்பத்தை அவர்கள் முழுதாகக் கைவிடவில்லை. அராக்கிடோனிக் அமிலத்திலிருந்து வேறு வழியில் பிறக்கும் ஒரு பொருளாக இருக்கலாம் என்றே கருதினார்கள்.

மருத்துவப் பாடநூல்களில் புரோஸ்டாகிளாண்டின் வலி, வீக்கம், காய்ச்சல் பகுதியில் வருகிறது. நைட்ரிக் ஆக்சைடு நெஞ்சுவலி மருந்துகளோடு வருகிறது. வரலாறு அப்படிப் பிரிந்து நடக்கவில்லை. ஒன்றைக் கண்டறிய உருவான கருவிகளும் ஆய்வகமும் ஆட்களுமே மற்றொன்றையும் கண்டறிந்தனர். மனித உடலில் செய்த சோதனைகள் இவ்விரண்டையும் மீண்டும் ஒன்றுசேர்த்தன. இந்த இணைப்பைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

புரோஸ்டாகிளாண்டினின் தொடக்க காலத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1930இல் நியூயார்க்கில் கர்ஸ்ராக், லீப் இருவரும் மனித விந்துநீர் கருப்பைத் தசையைச் சுருக்கவும் தளர்த்தவும் வல்லது என்று கண்டனர். சில ஆண்டுகளுக்குள் இங்கிலாந்தில் கோல்ட்பிளாட்டும் சுவீடனில் உல்ஃப் ஃபான் ஆய்லரும் அதே நீரில் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் பொருள் இருப்பதைத் தனித்தனியே காட்டினர். அதைத் தூய படிகமாகப் பிரித்தெடுக்க 1957 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆட்டின் விந்துச் சுரப்பிகளைப் பெருமளவில் சேகரித்து சுனே பெர்க்ஸ்ட்ராம் குழு அதைச் செய்தது. 1962இல் வேதி அமைப்பு வெளியானது. 1964இல் அராக்கிடோனிக் அமிலத்திலிருந்து அது பிறக்கிறது என்பதும் உறுதியானது.

இதயமும் இரத்தக் குழாயும் இந்த ஆய்வுக்குள் வந்தது ஜான் வேனின் எளிய கருவி ஒன்றால். மயக்கத்திலுள்ள விலங்கின் இரத்தமோ வெதுவெதுப்பான உப்புக்கரைசலோ மேலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும். அதன் பாதையில் எலியின் இரைப்பைப் பட்டை, கோழிக்குஞ்சின் மலக்குடல், முயலின் பெருந்தமனிப் பட்டை என ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கவிட்டிருப்பார்கள். எந்தத் திசு சுருங்குகிறது, எது தளர்கிறது என்ற வரிசையைப் பார்த்தே கரைசலில் உள்ள பொருளை அடையாளம் காண்பார்கள். சில நொடிகளில் சிதைந்துபோகும் பொருளைக் குப்பியில் அடைத்து வேதியியலாளரிடம் அனுப்ப முடியாது. இந்தக் கருவியோ அது சிதையும் முன்பே அதன் செயலைப் பதிவு செய்துவிடும். பின்னால் நைட்ரிக் ஆக்சைடைப் பிடித்ததும் இதே முறைதான்.

1969இல் பிரிசில்லா பைப்பரும் வேனும் ஒவ்வாமைக்கு உள்ளான கினிப் பன்றியின் நுரையீரலிலிருந்து முயல் தமனியைச் சுருக்கும் ஒரு பொருள் வெளிப்படுவதையும், ஆஸ்பிரின் அதைத் தடுப்பதையும் கண்டனர். 1971இல் வேன், ஆஸ்பிரின் வகை மருந்துகள் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியையே தடுக்கின்றன என்று நிறுவினார். அந்தச் சுருக்கும் பொருளின் முக்கியக் கூறு திராம்பாக்சேன் என்று 1975இல் பெங்ட் சாமுவேல்சன் குழு காட்டியது. இரத்தத் தட்டணுக்களில் பிறந்து, அவற்றை ஒன்றோடொன்று ஒட்டச் செய்யும் பொருள் இது. பாதியளவு அழிய ஏறக்குறைய 30 நொடிகளே ஆகும். அடுத்த ஆண்டில் இங்கிலாந்தின் பெக்கன்ஹாமில் இருந்த வெல்கம் ஆய்வகத்தில் சால்வடார் மொன்காடா, கிரிக்லெவ்ஸ்கி, பன்டிங், வேன் ஆகியோர் குழாய்ச் சுவரிலும் திராம்பாக்சேன் உண்டாகிறதா என்று தேடினார்கள். கிடைத்தது நேர் எதிரானது. தமனிச் சுவர் உண்டாக்கிய பொருள் தட்டணுக்கள் ஒட்டுவதைத் தடுத்தது, குழாயைத் தளர்த்தியது. அதுவே புரோஸ்டாசைக்ளின். கிரிக்லெவ்ஸ்கியும் ஆண்ட்ரே ஷெக்லிக்கும் போலந்தின் கிராக்கோவில் அதைத் தங்கள் உடலிலேயே ஏற்றிப் பார்த்தனர்; முகம் சிவந்தது, தலைவலி வந்தது.

இதய நோயாளிக்கு ஆஸ்பிரின் ஏன் பயன்படுகிறது என்பது இதற்குப் பிறகே விளங்கியது. கலிபோர்னியாவில் பொது மருத்துவராக இருந்த லாரன்ஸ் கிரேவன் 1950களிலேயே ஆஸ்பிரின் மாரடைப்பைத் தடுக்கும் என்று எழுதியிருந்தார், யாரும் பொருட்படுத்தவில்லை. திராம்பாக்சேன், புரோஸ்டாசைக்ளின் இரண்டும் உண்டாகத் தேவையான சைக்ளோ ஆக்சிஜனேஸ் நொதியை ஆஸ்பிரின் மீளமுடியாதபடி முடக்குகிறது. தட்டணுவுக்கு உட்கரு இல்லாததால் அது புது நொதியைச் செய்துகொள்ள முடியாது. தன் 7 முதல் 10 நாள் ஆயுள் முழுவதும் திராம்பாக்சேன் இன்றியே கழிக்கிறது. எண்டோதீலியச் செல்லோ நொதியை மீண்டும் உண்டாக்கிக்கொள்கிறது. குறைந்த அளவு ஆஸ்பிரின் போதும் என்பதன் காரணம் இதுவே. 17,187 நோயாளிகளிடம் நடந்து 1988இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில், மாரடைப்பு வந்தவுடன் தொடங்கி ஒரு மாதம் நாளுக்கு 160 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்ததில், ஐந்து வார இறுதியில் இதய, இரத்தக் குழாய் மரணங்கள் 23 விழுக்காடு குறைந்திருந்தன.

இனி ஃபர்ச்காட் பணியாற்றிய புரூக்ளினுக்கு வரலாம். ஃபர்ச்காட் பல ஆண்டுகளாக முயலின் பெருந்தமனியைச் சுருள்பட்டையாக வெட்டிச் சோதித்துவந்தார். அசிட்டைல்கோலின் கொடுத்தால் பட்டை சுருங்கும். உயிருள்ள உடலிலோ அதே பொருள் குழாயை விரிக்கிறது. இந்த முரண் கால் நூற்றாண்டாக அவர் முன் இருந்தது. 1978இல் பட்டைக்குப் பதில் தமனி வளையங்களைப் பயன்படுத்தியபோது, உதவியாளர் ஒருவர் சோதனையின் வரிசையை மாற்றிச் செய்துவிட, அசிட்டைல்கோலினைப் போன்ற கார்பக்கால் வளையத்தைத் தளர்த்தியது. காரணத்தைத் தேடியபோது விடை வெட்டும் முறையில் இருந்தது. பட்டை வெட்டும்போது உட்புறம் விரலிலோ வேறு பரப்பிலோ உரசி, எண்டோதீலியம் கழன்று போயிருந்தது. வளையத்தில் அது அப்படியே நின்றது. பிறகு எண்டோதீலியம் நீக்கிய பட்டையின் மேல் எண்டோதீலியம் உள்ள பட்டையை உட்புறங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்தார். உணர்விழந்திருந்த பட்டையும் தளர்ந்தது. அப்படியானால் ஒரு பொருள் கடந்து செல்கிறது என்றே பொருள். உதவியாளரின் பிழையை ஒதுக்கிவிடாமல் துரத்திச் சென்றதுதான் ஃபர்ச்காட்டின் பெருமை.

துப்பு வேறிடத்தில் ஏற்கெனவே கிடந்தது. நைட்ரோகிளிசரினை வில்லியம் மரெல் 1879இலேயே நெஞ்சுவலிக்குப் பரிந்துரைத்திருந்தார். அது நைட்ரிக் ஆக்சைடை வெளியிட்டு, குவானிலேட் சைக்ளேஸ் நொதியைத் தூண்டுகிறது என்று ஃபெரிட் முராட் 1977இல் காட்டினார். ஆனால் காற்றை மாசுபடுத்தும் ஒரு வாயுவை உடலே உண்டாக்கும் என்று எவரும் எண்ணவில்லை. 1986 ஜூலையில் மின்னசோட்டாவின் ராச்செஸ்டரில் நடந்த கூட்டத்தில் ஃபர்ச்காட்டும் லூயிஸ் இக்னாரோவும் எண்டோதீலியம் வெளியிடும் பொருள் நைட்ரிக் ஆக்சைடே என்ற துணிவான கருத்தைத் தனித்தனியே முன்வைத்தனர். 1987இல் மொன்காடாவின் பெக்கன்ஹாம் குழு, நுண்மணிகளின் மேல் வளர்த்த பன்றி எண்டோதீலியச் செல்கள் வழியே கரைசலைச் செலுத்தி, வழிந்ததை வேனின் அடுக்குமுறையில் முயல் தமனிப் பட்டைகள் மேல் விழச் செய்தது. வெளிவந்த நைட்ரிக் ஆக்சைடை ஓசோனுடன் வினைபுரியவைத்து, அப்போது எழும் ஒளியைக் கொண்டு அளந்தார்கள். பட்டை எவ்வளவு தளர்ந்ததோ அதற்கு அந்த அளவு ஈடானது. அதே ஆண்டு இக்னாரோவும் அதே முடிவை வெளியிட்டார். மறு ஆண்டில், அது ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து பிறக்கிறது என்பதும் பெக்கன்ஹாமிலிருந்தே வந்தது. 1998 நோபல் பரிசு ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் போனது, மொன்காடா விடுபட்டார். என் கணிப்பில் அது நியாயமான தீர்ப்பல்ல. புரோஸ்டாசைக்ளினையும் நைட்ரிக் ஆக்சைடையும் ஒரே ஆய்வு மரபில் இணைத்தவர் அவரே.

விலங்குத் திசுவில் தெரிந்தது மனிதனுக்கும் பொருந்துமா என்பதற்கு 1989இல் லண்டனில் வேலன்ஸ், காலியர், மொன்காடா மூவரும் விடை தந்தனர். சோதனைக்கு உட்பட்டவர் படுத்திருப்பார். கைப்பட்டை ஒன்று மணிக்கட்டை இறுக்கி உள்ளங்கையின் ஓட்டத்தை நிறுத்தும். மேற்கையில் உள்ள மற்றொன்று சில நொடிகள் மட்டும், சிரைகளை மட்டும் அடைக்கும் அளவுக்கு இறுகும். தமனி வழியே வரும் இரத்தம் வெளியேற வழியின்றி முன்கை மெல்லப் பருக்கும். பாதரசம் நிரப்பிய மெல்லிய ரப்பர்க் குழல் முன்கையைச் சுற்றியிருக்கும். அது எவ்வளவு வேகமாக நீள்கிறதோ அதுவே ஓட்டத்தின் அளவு. நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியைத் தடுக்கும் எல்-என்எம்எம்ஏ என்ற பொருளை ஒரு கையின் தமனியில் மட்டும் சிறிதளவு செலுத்தினார்கள். மறு கை ஒப்பீட்டுக்கு. செலுத்திய கையில் ஓட்டம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஓய்வாக இருக்கும் மனிதனின் குழாய்களும் இந்த வாயுவால் இடைவிடாமல் தளர்த்தப்பட்டுக்கொண்டே இருக்கின்றன என்பது இப்படித்தான் தெரியவந்தது. 1990இல் பான்சா குழு, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களின் முன்கையில் அசிட்டைல்கோலினுக்கு விரிவு குன்றியிருப்பதைக் காட்டியது.

மருந்தாக மாறிய கதையில் வெற்றியும் இழப்பும் உண்டு. நுரையீரல் தமனியின் உயர் அழுத்தத்துக்குப் புரோஸ்டாசைக்ளின் 1995இலும், மூச்சுத் திணறும் பச்சிளங்குழந்தைகளுக்கு நைட்ரிக் ஆக்சைடு வாயு 1999இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இழப்பின் பெயர் ரோஃபெகாக்சிப். இரைப்பையைக் காக்கும் வலிநிவாரணி என்று 1999இல் வந்த இது இரண்டாம் வகை சைக்ளோ ஆக்சிஜனேஸை மட்டும் தடுத்தது. தட்டணுவின் திராம்பாக்சேன் அப்படியே இருக்க, காப்பாகிய புரோஸ்டாசைக்ளின் மட்டும் குறைவதை காரெட் ஃபிட்ஸ்ஜெரால்ட் குழு நலமுள்ளவர்களின் சிறுநீரில் அந்த ஆண்டே கண்டு எச்சரித்தது. 2004 செப்டம்பர் 30 அன்று, மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவது உறுதியான பிறகே, மருந்து திரும்பப் பெறப்பட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளை எந்த விளக்கத்தாலும் நியாயப்படுத்த முடியாது. நோய்த்தொற்று அதிர்ச்சியில் எல்-என்எம்எம்ஏ கொடுத்த பெரிய ஆய்வும் அப்படியே, மரணம் கூடியதால் நிறுத்தப்பட்டது.

இரண்டையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்பதற்கு வலுவான சான்று கோபன்ஹேகனிலிருந்து வந்தது. உடற்பயிற்சியின்போது கால் தசைக்குப் போகும் இரத்தம் பல மடங்கு கூடுகிறது. நைட்ரிக் ஆக்சைடை மட்டும் தடுத்தால் அந்தப் பெருக்கம் பெரிதாகக் குறையவில்லை என்று 1999இல் ராடெக்ரான், சால்டின் கண்டனர். அதை வைத்து, பயிற்சியில் அதற்குப் பங்கில்லை என்று முடிவுகட்டவும் இடமிருந்தது. ஆனால் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியையும் சேர்த்துத் தடுத்தபோது ஓட்டம் தெளிவாகக் குறைந்தது. 2002இல் புஷெலும் 2007இல் மார்டென்சனும் வெளியிட்ட ஆய்வுகள் இதைக் காட்டின. ஒன்று இல்லாதபோது மற்றொன்று அதன் வேலையை ஈடுசெய்கிறது. ஆகவே ஒன்றை மட்டும் தடுத்து எழுதப்பட்ட முடிவுகளை மறுபடி பரிசீலிக்க வேண்டும். இதய உடலியங்கியலைத் தமிழில் எழுதுவோரும் கற்பிப்போரும் இவ்விரு பொருள்களையும் இனி ஒரே அத்தியாயத்தில் வைத்துச் சொல்லித்தர வேண்டும்.